மதகு தாண்டாத பாண்

என்னைப் பெண் பார்க்க வந்தபோது என் கணவர், புலனாய்வு உத்தியோகத்தர் என்றால் துப்பாக்கி இருக்கும் என்று நினைத்திருந்தாராம். நான் கைப்பையைத் திறந்து காட்டியது ஒரு மின் தராசை. மனிதர் கொஞ்சம் ஏமாந்துதான் போனார். ஆனாலும் கல்யாணம் நடந்தது.

யாழ்ப்பாணத்தில் பாவனையாளர் பாதுகாப்புக் கந்தோரில் எனக்கு வேலை. கட்டுப்பாட்டு விலைக்கு மேலே அரிசி விற்கிறார்களா, பொதியில் திகதி இருக்கிறதா, பேக்கரிப் பாண் நிறை சரியா என்று கடை கடையாகப் பார்ப்பதுதான் எங்கள் தொழில். பெரிய பட்டணத்தில் இது நல்ல வேலையாக இருக்கலாம். குடாநாட்டில் அப்படியில்லை. இங்கே ஒருவர் மற்றவருக்கு மச்சான், இல்லாவிட்டால் மச்சானுக்கு மச்சான். நான் சுன்னாகத்தில் ஒரு கடைக்குள் காலை வைத்தால் மல்லாகத்தில் விலைப்பட்டியலைத் துடைத்து மாட்டுவார்கள். இணுவிலில் எங்கள் ஒழுங்கை முனையில் இருக்கும் கடைக்காரரிடம் பதினைந்து வருடமாகத் தேங்காய் வாங்குகிறேன். நான் தேங்காய்க்காகத்தான் வந்திருக்கிறேன் என்று அவர் ஒரு நாளும் நம்பியதில்லை.

அந்த மாரிகாலத்தில் ஒரு திங்கட்கிழமை, வடமராட்சிக் கரையோர ஊர் ஒன்றிலிருந்து ஒரு பெண் இரண்டு பஸ் மாறி எங்கள் கந்தோருக்கு வந்தா. நாற்பத்தைந்து வயதிருக்கும். புருஷன் கடல் தொழில். முதுகில் அடிபட்டு அவர் கரையில் இருந்துவிட்ட பிறகு, இவ வளவுக்குள்ளே ஒரு சின்ன வெதுப்பகம் போட்டிருந்தா. பாண் சுட ஒரு போறணை, இரண்டு வேலையாட்கள், பாண் கொண்டு திரிய ஒரு ஓட்டோ. நனைந்த குடையை வாசலில் சாத்திவிட்டு, பையிலிருந்து கடதாசியில் சுற்றிய ஒரு இறாத்தல் பாணை எடுத்து என் மேசையில் வைத்தா.

“மிஸ், எங்கடை ஊர் முடியிற இடத்திலை ஒரு மதகு இருக்கு. அந்த மதகைத் தாண்டி என்ரை பாண் போகக்கூடாதாம்.”

யார் சொன்னது, பொலிஸா, பிரதேச சபையா என்று கேட்டேன்.

“சங்கம்,” என்றா.

பிறகு விபரம் சொன்னா. அந்தப் பகுதி வெதுப்பக உரிமையாளர்களுக்கு ஒரு சங்கம் உண்டு. அவர்கள் ஊர்களைத் தங்களுக்குள் பிரித்து வைத்திருந்தார்கள். மதகுக்குக் கடற்கரைப் பக்கம் இவவுக்கு. மதகுக்கு உட்பக்கம், தோட்டக்காரர் இருக்கிற ஊர்கள் எல்லாம் சங்கத் தலைவரின் பெரிய வெதுப்பகத்துக்கு. இவவின் ஓட்டோ ஒரு நாள் மதகைத் தாண்டிப் போய்விட்டது. அடுத்த கிழமை கோதுமை மா முகவர், மா இல்லை என்று சொல்லிவிட்டார். அவருடைய களஞ்சியத்தில் மூட்டை கூரையை முட்டிக்கொண்டு நின்றதை இவ தன் கண்ணாலே பார்த்திருந்தா. அன்றிலிருந்து கிளிநொச்சியிலிருந்து அங்கொன்றும் இங்கொன்றுமாக மா எடுப்பித்துச் சமாளிக்கிறாவாம்.

எனக்கு உண்மையிலேயே கோபம் வந்தது. ஆனால் பழக்கதோஷம் என்று ஒன்று இருக்கிறதே. என் முன்னால் யார் பாணை வைத்தாலும் கை தன்பாட்டில் தராசை எடுத்துவிடும். அவ கதைத்துக்கொண்டிருக்கும்போதே நான் அந்தப் பாணை நிறுத்துவிட்டேன். நானூற்றைம்பது கிராம் இருக்க வேண்டிய பாணில் நாற்பது கிராம் குறைந்தது.

நான் தராசை அவ பக்கம் திருப்பினேன்.

“மா குறைவு மிஸ்,” என்றா. “கிடைக்கிற மாவிலை எல்லா வீட்டுக்கும் பாண் போக வேணுமெல்லோ.”

கொண்டுவந்த ஒரு பாணை வைத்து வழக்குப் போட முடியாது. அதைச் சாட்டாக வைத்து நான் சும்மா இருந்திருக்கலாம். ஆனால் எங்கள் மேலதிகாரி, நாங்கள் சேர் என்று கூப்பிடுகிறவர், அந்த நேரம் பார்த்துத் தேநீர்க் கோப்பையோடு அந்தப் பக்கம் வந்து தராசின் இலக்கத்தைப் பார்த்துவிட்டார். சேருக்கு ஓய்வூதியத்துக்கு ஒரு வருடம் இருந்தது. அந்த ஒரு வருடத்தையும் நிறையும் விலையும் மட்டும் பார்த்துக் கழித்துவிட வேண்டும் என்பது அவருடைய நேர்த்திக்கடன். நாளைக்கே போய் அந்த வெதுப்பகத்தைச் சோதியும் என்று எனக்கு உத்தரவு வந்தது. முறைப்பாட்டைப் பற்றிக் கேட்டேன். ஊர் பிரிக்கிற விஷயமெல்லாம் எங்களுடைய வேலை இல்லை என்றார்.

அடுத்த நாள் போனேன். பத்துப் பாண் நிறுத்தேன். பத்தும் குறைவு. நான் படிவம் நிரப்பும்போது அந்தப் பெண் போறணைக்குப் பக்கத்தில் நின்று என்னைப் பார்த்த பார்வையில் கோபத்தை விட ஆச்சரியம்தான் கூட இருந்தது. “நான் முறைப்பாடு குடுக்க வந்தனான். நீங்கள் என்னைப் பிடிக்கிறியள்,” என்றா. நான் படிவத்தை அவவின் கையெழுத்துக்கு நீட்டினேன். திரும்பி வரும் வழி முழுக்க, இந்த உத்தியோகத்துக்குப் பதிலாக நானே ஒரு வெதுப்பகம் போட்டிருக்கலாம் என்று ஸ்கூட்டியோடு கதைத்துக்கொண்டு வந்தேன்.

நீதிமன்றத்தில் அவ சட்டத்தரணி வைக்கவில்லை. வழக்கை வாசித்ததும் குற்றத்தை ஒப்புக்கொண்டா. சொல்ல ஏதாவது இருக்கிறதா என்று நீதவான் வழமைக்குக் கேட்டார். வழமையில் இந்தக் கேள்விக்கு எல்லோரும் தலையைக் குனிந்துகொண்டு நிற்பார்கள்.

“என்னிலை குற்றந்தான் ஐயா. ஆனா என்ரை மாவை மறிச்சவையும் இதிலை என்னோடை நிக்க வேணும்.”

நீதவான் கண்ணாடியைக் கழற்றிவிட்டு என்னைப் பார்த்தார். இதைப் பற்றி உங்கள் கந்தோர் விசாரிக்கிறதா என்று கேட்டார். இல்லை என்று சொல்ல வாயைத் திறந்தேன். வாயிலிருந்து வந்ததோ, “நடந்துகொண்டிருக்குது ஐயா” என்பது. ஏன் அப்படிச் சொன்னேன் என்று எனக்கு இன்றைக்கும் தெரியாது. அந்தப் பெண் என்னைத் திரும்பிப் பார்த்ததால் இருக்கலாம். நீதவான் தலையாட்டி, குறைந்தபட்ச தண்டத்தை விதித்து, என் சொல்லை வழக்கேட்டில் எழுதிக்கொண்டார். எழுதினார் என்பதுதான் சிக்கல்.

சேரிடம் சொன்னபோது அவர் எழும்பிப் போய்க் கதவைச் சாத்தினார்.

“நீதவானுக்கு என்ன சொன்னனீர்? திருப்பிச் சொல்லும்.”

திருப்பிச் சொன்னேன். அவர் நெற்றியில் கையை வைத்தார். பிறகு, சொல்லியாயிற்று, செய்துதான் ஆக வேண்டும், ஆனால் தன்னுடைய பெயர் எங்கேயும் வரக்கூடாது என்றார். சட்டப் புத்தகத்தை எடுத்தோம். விலையும் நிறையும் பற்றிய பக்கங்கள் கை பட்டுக் கறுத்து, தேநீர்க் கறையோடு கிழிகிற நிலையில் இருந்தன. வியாபாரிகள் கூட்டுச் சேர்ந்து போட்டியைத் தடுப்பது பற்றிய பக்கங்கள் புதுக் கல்யாணப் பத்திரிகை மாதிரி ஒன்றோடொன்று ஒட்டிக்கொண்டிருந்தன. நான்தான் நகத்தால் பிரித்தேன். சங்கங்கள் சந்தையைப் பிரிப்பது பற்றி அதில் தெளிவாகவே எழுதியிருந்தது. சேர் இரண்டு தரம் வாசித்தார். “உது எப்ப போட்டவங்கள்?” என்று கேட்டார். அவர் வேலைக்கு வந்த காலத்திலிருந்தே அது இருந்தது.

விசாரணை என்று பெரிதாக ஒன்றுமில்லை. மூன்று நாள் விடிகாலையில் ஸ்கூட்டியை எடுத்துக்கொண்டு வடமராட்சிக்குப் போய்ப் பாண் ஓட்டோவைப் பின்தொடர்ந்தேன், அவ்வளவுதான். அரசாங்கச் சம்பளத்தில் பாண் வண்டியைத் துரத்திய பெண் குடாநாட்டில் நான் ஒருத்தியாகத்தான் இருப்பேன். பெரிய வெதுப்பகத்தின் ஓட்டோ, பாண் வண்டிகள் எல்லாம் போடுகிற அதே மெட்டைத் திரும்பத் திரும்பப் பாடிக்கொண்டு ஒழுங்கை ஒழுங்கையாகப் போகும். மதகடிக்கு வந்ததும் பாட்டை நிறுத்தி, வண்டியைத் திருப்பிவிடும். நான் மதகுக்கு அங்காலே ஐம்பது அடி தள்ளி நின்று கையைக் காட்டினேன். ஓட்டோக்காரர் கையசைத்தார், வரவில்லை. நான் நடந்து போய் ஏன் என்று கேட்டேன்.

“அக்கா, மதகுக்கு அங்காலை நான் வரேலாது. நீங்கள் இஞ்சாலை வந்தால் தரலாம்,” என்றார். ஏதோ கடவுச்சீட்டு விஷயம் கதைப்பது மாதிரி.

மதகை ஒட்டி ஒரு வீடு இருந்தது. முன்வாசல் படலை உட்பக்க ரோட்டில், பின்வாசல் படலை கடற்கரைப் பக்க ஒழுங்கையில். வீட்டுக்காரர் வெங்காயத் தோட்டக்காரர். நான் யாரென்று சொன்னதும், அதுவரை என்னை மதகடியில் திரிகிற தரகுக்காரி என்று நினைத்திருந்ததாகச் சொல்லிக் கதிரை எடுத்துப் போட்டார். அவருடைய வீடு யாருக்குச் சொந்தம் என்று சங்கத்தில் தகராறாம். அந்தத் தகராறு தீரும் வரை இரண்டு ஓட்டோவும் அவர் படலையில் நிற்பதில்லை. எட்டு மாதமாக மனிதர் காலையில் பாண் தின்னவில்லை.

“எனக்குப் புட்டிலை விருப்பம் வந்திட்டுது எண்டு மனிசி நினைச்சுக்கொண்டிருக்கிறா,” என்றார் அவர், குரலைத் தாழ்த்தி.

அவரிடம் ஒரு வாக்குமூலம் எழுதி வாங்கினேன். புட்டுப் பற்றிய வரியை வெட்டும்படி அவர் கேட்டுக்கொண்டதால் வெட்டிவிட்டேன்.

நான்காம் நாள் சங்கத் தலைவரிடம் போனேன். கரவெட்டிப் பக்கம் அவருக்கு ஊரிலேயே பெரிய வெதுப்பகம். வெள்ளை வேட்டி, சந்தனப் பொட்டு, மிகவும் மரியாதையான மனிதர். சண்டைக்காரரைப் பார்க்கப் போகிறோம் என்று நான் மனதைக் கட்டிக்கொண்டு போயிருந்தேன். அவரோ என்னை இருத்தித் தேநீரும் றோலும் தந்தார். றோலை நான் தொடவில்லை, தொட்டிருந்தால் அது வேறு ஒரு சட்டம். ஊர் பிரித்தது உண்மையா என்று நேரடியாகக் கேட்டேன். இல்லை என்பார், பிறகு எப்படி மடக்குவது என்று வழியில் யோசித்து வைத்திருந்த கேள்விகள் ஏழெட்டு என்னிடம் இருந்தன. ஒன்றும் தேவைப்படவில்லை. அவர் முகம் மலர்ந்துவிட்டது. எழும்பிப் போய் அலுமாரியிலிருந்து சங்கத்தின் கூட்டக் குறிப்புப் புத்தகத்தை எடுத்து வந்து, கண்ணாடியைப் போட்டுக்கொண்டு, தீர்மானத்தைத் தானே வாசித்துக் காட்டினார். இன்ன வெதுப்பகத்துக்கு இன்ன ஊர். எல்லை மீறுகிற அங்கத்தவருக்கு மா வழங்கலை நிறுத்தும்படி முகவரைக் கேட்பது. ஏகமனதாக நிறைவேறியது. கீழே எல்லோருடைய கையெழுத்தும் இருந்தது. அந்தப் பெண்ணின் கையெழுத்தும் இருந்தது.

இது பிழையான காரியம் என்று அவருக்குத் தெரியுமா என்று கேட்டேன்.

“இதிலை என்ன பிழை பிள்ளை? கோயில்லை தேர் ஒரு குடும்பத்துக்கு, தீர்த்தம் இன்னொரு குடும்பத்துக்கு. ஆராவது போட்டி போடினமோ? அதுமாதிரித்தான் நாங்களும் சண்டை சச்சரவு இல்லாமல் பிரிச்சு வைச்சிருக்கிறம்.”

தேர் யாருக்கு, தீர்த்தம் யாருக்கு என்று நீதிமன்றத்தில் ஏறி நிற்கிற கோயில்கள் இரண்டு மூன்றை எனக்கே தெரியும். அதை நான் சொல்லவில்லை. அந்தப் பக்கத்தின் போட்டோப்பிரதி ஒன்று வேண்டும் என்று மட்டும் கேட்டேன். அதற்கென்ன என்று பக்கத்துக் கடையில் எடுப்பித்துத் தந்தார். கொடுக்கும் முன், சும்மா கடதாசியாகக் கொடுத்தால் மரியாதை இல்லை என்று சங்கத்தின் முத்திரையையும் குத்தி, உண்மைப் பிரதி என்று எழுதிக் கையெழுத்தும் வைத்தார். என் உத்தியோக வாழ்க்கையில் எனக்கு இவ்வளவு நல்ல சாட்சி கிடைத்ததில்லை, இனியும் கிடைக்காது. படியால் இறங்கும்போது எனக்கு அந்த மனிதரில் கொஞ்சம் இரக்கமாகக்கூட இருந்தது.

அங்கிருந்து நேரே கடற்கரைப் பக்கம் போய் அந்தப் பெண்ணைப் பிடித்தேன். பிரதியைக் காட்டி, இந்தக் கையெழுத்து யாருடையது என்று கேட்டேன். அவ மாப் படிந்த கையைத் துடைத்துக்கொண்டு பார்த்தா. தன்னுடையதுதான் என்றா. அன்றைக்குத் தான் புதிதாகச் சேர்ந்த நேரம், எல்லோரும் வைத்தார்கள், தானும் வைத்தாவாம். வாசித்தீர்களா என்றேன். வாசித்துப் போட்டுத்தான் வைத்தாவாம்.

“அப்ப எங்கடை பக்கத்திலை சனம் கனக்க இருந்தது மிஸ். பிறகெல்லோ பாதிப் பேர் வெளிநாடு போச்சினம்.”

நான் மதகில் போய்க் கொஞ்ச நேரம் இருந்தேன். நியாயத்துக்காக ஒருத்தி தனியாக நிற்கிறா, நான் அவவுக்குப் பக்கத்தில் நிற்கிறேன் என்று என் மனதில் ஒரு படம் ஓடிக்கொண்டிருந்தது. அது அன்றோடு போயிற்று. ஆனாலும் மாவை மறித்தது மறித்ததுதான். சட்டம் நல்லவர்களுக்கு மட்டும் என்று எங்கேயும் எழுதியிருக்கவில்லை. வீட்டுக்குப் போய் அறிக்கையை எழுதி முடித்தேன்.

அறிக்கை கொழும்புக்குப் போனது. மூன்று மாதம் கழித்துச் சிங்களத்தில் ஒரு கடிதம் வந்தது. கந்தோரில் அதை வாசிக்கத் தெரிந்தவர் சாரதி ஒருவர்தான். அறிக்கைக் கோவை கிடைத்தது, பரிசீலனையில் உள்ளது என்று அவர் மொழிபெயர்த்தார். அதற்குள் முத்திரை குத்திக் கொடுத்த கதை ஊரெல்லாம் பரவி, யாரோ ஒரு சட்டத்தரணி சங்கத் தலைவரைக் கூப்பிட்டு நன்றாக ஏசியிருக்கிறார். உடனே அவசரக் கூட்டம் ஒன்று கூட்டி, முந்திய தீர்மானத்தை ரத்துச் செய்து இன்னொரு தீர்மானம் போட்டார்கள். அதுவும் ஏகமனதாகத்தான். அதன் பிரதியும் முத்திரையோடு எங்களுக்கு வந்தது. மா முகவரின் களஞ்சியத்தில் திடீரென்று மா இருந்தது. கொழும்பிலிருந்து கடைசியாக வந்த கடிதத்தில், குறித்த செயல் கைவிடப்பட்டபடியால் எச்சரிக்கையோடு கோவை மூடப்படுகிறது என்று இருந்தது. சேர் அந்தக் கடிதத்தைக் கோயில் பிரசாதம் மாதிரி இரண்டு கையாலும் வாங்கினார்.

மதகு திறந்துவிட்டது. முதல் கிழமையிலேயே மூன்று வெதுப்பகங்களின் ஓட்டோக்கள் அந்த ஒழுங்கைகளுக்குள் இறங்கின. எல்லாமே ஒரே மெட்டு, ஆனால் ஒன்றுக்கொன்று அரை வரி பிந்தி. நாய்கள் ஊளையிட்டன. போட்டி வந்தால் விலை குறையும் என்று சட்டப் புத்தகம் சொன்னது. விலை ஒரு சதமும் குறையவில்லை. ஆனால் பாண் சூடாக வந்தது, பழைய பாண் தள்ளுகிற வேலை நின்றது, நிறையும் சரியாக இருந்தது. நான் போய் நிறுத்துப் பார்த்தேன். அந்தப் பெண்ணின் பாண் நானூற்றைம்பதுக்கு மேலேயே நின்றது. வெங்காயத் தோட்டக்காரர் தொலைபேசி எடுத்து, முன்படலையில் ஒன்று, பின்படலையில் ஒன்று, விடிய ஐந்தரைக்கு நித்திரை கொள்ள முடியவில்லை, இதற்கு எங்கே முறைப்பாடு செய்வது என்று கேட்டார். பொலிஸ் என்று சொன்னேன்.

அந்த வருடம் முடிந்ததும் சேர் ஓய்வு பெற்றார். அவருடைய இடத்துக்கு மட்டக்களப்பிலிருந்து ஒரு பெண் வந்தா, என்னை விடப் பத்து வயது இளையவ. அவ வந்த இரண்டாம் மாதம் கடற்கரைக்காரி மறுபடி எங்கள் கந்தோருக்கு வந்தா. இந்த முறை நல்ல சேலை, கையில் அழைப்பிதழ். சங்கத்தின் புது நிர்வாகத்தில் அவதான் செயலாளர். பழைய தலைவர்தான் அவவின் பெயரைப் பிரேரித்தாராம். ஆண்டு விழாவுக்கு நாங்கள் விருந்தினராக வர வேண்டும் என்று கேட்டா. எனக்குச் சந்தோஷமாக இருந்தது. இப்போது ஓட்டோக்கள் சத்தம் போட்டு அடிபடுவதில்லையே, எப்படிச் சமாளிக்கிறீர்கள் என்று சும்மா ஒரு கதைக்குக் கேட்டேன்.

“அது சுகமா முடிஞ்சுது மிஸ். ஊரைத்தானே பிரிக்கக்கூடாது? நாங்கள் நேரத்தைப் பிரிச்சிட்டம். விடியப்புறம் அவையள், பின்னேரம் நாங்கள்.”

நான் அழைப்பிதழைக் கையில் வைத்துக்கொண்டு அவவின் முகத்தைப் பார்த்தேன். அதில் ஒரு கள்ளமும் இல்லை. ஒரு பிரச்சினையைத் தீர்த்துவிட்ட ஆளின் களைப்பும் பெருமையும் மட்டும்தான் இருந்தன. இதுவும் அதே பிழைதான் என்று மெல்லச் சொன்னேன். அவ நம்பவில்லை. நீங்கள் எப்போதும் இப்படித்தான், வந்தவர்களையே பிடிப்பீர்கள் என்று சிரித்துக்கொண்டே எழும்பிப் போனா.

புது மேலதிகாரி அடுத்த மேசையிலிருந்து எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டுதான் இருந்தா. இப்போது என்ன செய்வது என்று என்னைக் கேட்டா. விழாவுக்குப் போக முடியாது, விசாரணைக்குப் போகலாம் என்றேன். அடுத்த புதன்கிழமை விடிய நாங்கள் இருவரும் ஒரே ஸ்கூட்டியில் வடமராட்சிக்குப் புறப்பட்டோம். பின்னால் இருந்தபடி அவ, காலைச் சாப்பாட்டுக்கு வழியில் எங்கேயாவது நிற்போமா என்று கேட்டா. நெல்லியடியில் ஒரு கடையில் இருவரும் தோசை சாப்பிட இறங்கினோம். கடைக்காரர் எங்களைக் கண்டதும் விலைப்பட்டியலைத் தேடிக்கொண்டு உள்ளே ஓடினார். நாங்கள் கையைக் கழுவிவிட்டுக் காத்திருந்தோம்.